மணி ஊறிய பால்

ஜனவரி 9

நந்தகோபனுக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் இயக்கும் படத்தில் ஒரு சித்தர் சாகாமல் இருக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட சீடன் அவரைக் கொன்றுவிடுகிறான். அந்த வழியைப் பழைய பாட்டு ஒன்றாகச் சொல்ல வேண்டும் என்றார். வசனம் என்னுடையது என்பதால் பாட்டும் என் தலையில் விழுந்தது. சாலிகிராமம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்தேன்.

மண்ணுண்ணும் மேனியிதை மண்ணுண் ணாமல்
மணியூறும் பாலதனை மண்ட லங்கொள்;
கண்ணொளியும் கூடிவரும் நரைதான் போகும்;
காட்டாதே மூடர்க்குக் கண்டாய் தானே.

மணி என்பது இரசமணி, பாதரசத்தைக் கட்டியாக்கி உருட்டுவது. மண்டலம், நாற்பத்தெட்டு நாள். எல்லோரும் எங்கேயாவது கேட்ட சங்கதிதான். ‘கண்டாய் தானே’ இடத்தை நிரப்ப.

நந்தகோபன் இரண்டு முறை படித்தார். “இது எந்தச் சித்தர் பாட்டு சார்?”

“அம்பலவாணச் சித்தர்” என்றேன். என் பெயர் அதுதான் என்று அவருக்கு உறைக்கச் சற்று நேரமானது.

வீட்டில் என் மனைவி பிரமுவிடம் படித்துக் காட்டினேன். “சாகாம இருந்தா தெனமும் தோசைக்கு அரைக்கணும்லா. யாரு அரைக்கது?” என்றாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பனி என்கிறாள்.

ஜனவரி 21

படத்தின் முன்னோட்டம் வெளியானது. முதலில் வருவதே என் பாட்டுதான், கனத்த குரலில். மேடையில் நந்தகோபன், “இது அம்பலவாணன் சார் முப்பது வருஷமாத் தேடி, ஒரு இடத்துல கண்டெடுத்த பாட்டு. எங்கேன்னு என்கிட்டகூடச் சொல்லல” என்றார். கைதட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். முப்பத்து நான்கு வருடம் செய்தியாளனாக இருந்தவன். எழுந்து திருத்தியிருக்கலாம். படத்து விளம்பரம்தானே என்று சமோசாவைச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 2

ஸ்டீல் குண்டுக்கு வெள்ளி வண்ணம் அடித்து மணி என்று கொடுத்திருந்தார்கள். குளோசப்பில் பெயின்ட் தெரிந்தது. நந்தகோபன் அசல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கலை உதவியாளர் ஜெபராஜ் தெற்கே போய் ஒரு வைத்தியரிடம் வாங்கி வந்துவிட்டார். சுண்டைக்காய் அளவு, கையில் வைத்தால் அந்த அளவுக்கு மீறிய கனம்.

முதல் ஷாட்டுக்கு முன் எந்தப் பொருளாக இருந்தாலும் கற்பூரம் காட்டுவது சினிமா வழக்கம். அட்டை அரிவாளுக்குக்கூடப் பொட்டு உண்டு. மணிக்கும் பொட்டு வைத்து, பூப்போட்டு, தட்டில் நீட்டினார்கள். மதியத்துக்குள் லைட்மேன்கள் வரிசையாக வந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் தன் அம்மாவின் படத்தை அதன்மேல் ஒற்றி எடுத்தார்.

“அண்ணே, அது ஷூட்டிங் ப்ராப்பர்ட்டி. சாமியில்ல” என்று ஜெபராஜ் கத்திக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15

பிரமுவின் ஸ்கேன் வந்தது. நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டு வருகிறதாம். டாக்டர் ரெஹானா எதையும் சுற்றி வளைக்கிறவர் இல்லை.

“குணமாகாது. வேகத்தைக் குறைக்கலாம். மூணு வருஷம், கவனமாப் பாத்துக்கிட்டா நாலு.”

நான் பேட்டி எடுப்பவன்போலக் கேள்விகள் கேட்டேன். எத்தனை பேருக்கு அப்படி, எந்த வயதில், மாற்று உண்டா. பிரமு ஒரே ஒன்று கேட்டாள்: “மாடிக்குத் துணி காயப்போடப் போலாமா டாக்டர்?”

பிப்ரவரி 16

கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 25

மணி வரும் காட்சிகள் முடிந்துவிட்டன. ஜெபராஜ் பெட்டியில் போடப் போனார். விட்டுப்போன ஷாட் ஏதாவது எடுக்க வேண்டியிருக்கும், தொலைந்துவிடக் கூடாது, நான் வைத்திருக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்து அலமாரியில் இருக்கிறது.

மார்ச் 4

ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சொல்லாமல் எந்தச் செய்தியையும் நான் எழுதியதில்லை. அந்தப் பழக்கம் இப்போதும் கைகொடுக்கிறது.

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு வைத்தியரைப் போய்ப் பார்த்தேன். இரசமணி ஊறிய பால் பற்றிப் பொதுவாகக் கேட்டேன். “ஒரு மண்டலம் குடிச்சா நுரையீரல் என்ன, எலும்பே புதுசா முளைக்கும். பழைய பாட்டுலயே இருக்கே” என்றார். நான் யார் என்று சொல்லவில்லை. சாயங்காலம், ஓலைச்சுவடிகளோடு பழக்கமுள்ள, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குத் தென்காசிக்குப் போன் செய்தேன். அவரும் பால், மண்டலம் என்று அதையே சொன்னார். இருவருக்கும் பழக்கம் கிடையாது.

அந்தப் பாட்டை நான்தான் எழுதினேன். ஆனால் அரை மணி நேரத்தில் எங்கிருந்து வந்தது? சிறு வயதில் எதிலோ படித்தது உள்ளே கிடந்து வந்திருக்க வேண்டும். இல்லாததை எழுதியிருந்தால் இரண்டு பேர் எப்படிச் சொல்வார்கள்?

மார்ச் 6

மணியைப் போட்டுப் பால் காய்ச்சினேன். முதலில் நான்தான் குடித்துப் பார்க்க வேண்டும். பாலின் அடியில் கொஞ்சம் சாம்பல் நிறப் பொடி தங்கியது.

மார்ச் 20

இரண்டு வாரமாகிறது. எனக்கு ஒன்றும் இல்லை. வாயில் மட்டும் காசைச் சப்பியதுபோல ஒரு ருசி.

மார்ச் 21

“என்ன இது, பாலு கருக்கலா இருக்கு?” என்றாள் பிரமு.

“மிளகு, பனங்கற்கண்டு. இருமலுக்கு.”

“கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாளு வென்னி வச்சுத் தந்திருக்கேளா? இப்ப என்ன வந்துச்சு?” குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “பொம்பள வச்சாத்தான் பாலு பாலா இருக்கும்.”

டம்ளரை நானே கழுவினேன்.

ஏப்ரல் 8

இன்று எனக்கு மனசு லேசாக இருக்கிறது. பிரமுவின் முகம் நிறைந்து வருகிறது. கண்ணோரத்தில் இருந்த சுருக்கங்கள் இல்லை. கன்னம் பளபளவென்று இருக்கிறது. நான்தான் அப்படிப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். எதிர்வீட்டு விசாலம் வந்து, “என்னக்கா, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க” என்றாள்.

“வீட்டுக்காரரு பாலு காச்சித் தாராரு” என்றாள் பிரமு.

விசாலத்தை இரண்டாவது ஆளாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 17

பூட்டில் சாவி சரியாகப் போகவில்லை. மூன்று முறை கீழே விழுந்தது. ஈறில் இரத்தம். பல் டாக்டரிடம் போக வேண்டும். வசனத்தில் திருத்தம் கேட்ட உதவி இயக்குநரைக் காரணமில்லாமல் திட்டிவிட்டேன்.

ஜெபராஜ் கூப்பிட்டார். “சார், அந்த மணி வேணும். ப்ராப்பர்ட்டி கணக்கு முடிக்கணும்.”

“எங்கேயோ விழுந்துவிட்டது” என்றேன்.

“விழுந்துடுச்சா? சார், யாராவது குழந்தைங்க எடுத்து வாயில போட்டுடப் போவுது.”

ஏப்ரல் 27

பிரமுவுக்குச் செருப்பு நுழையவில்லை. மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. சாப்பாட்டில் உப்பைக் குறைத்தேன். மண்டலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான்.

மே 3

அவசரப் பிரிவில் சேர்த்திருக்கிறேன். நேற்றிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை. மூச்சு வாங்குகிறது. டாக்டர் ரெஹானா வந்து பார்த்தார்.

“நுரையீரல் போன தடவை இருந்த மாதிரிதான் இருக்கு. இது கிட்னி. முகம் எப்ப இருந்து இப்படி வீங்கியிருக்கு?”

வீக்கம் என்ற சொல்லை அவர் சொல்லித்தான் கேட்டேன்.

“பிப்ரவரியில கிட்னி நல்லா இருந்துச்சு. நான் குடுத்தது தவிர வேற ஏதாவது குடுக்கிறீங்களா? நாட்டு மருந்து, லேகியம், சூரணம்?”

“இல்லை” என்றேன்.

அவர் கேஸ் அட்டையை என்னிடம் கொடுத்தார். அது என் கையில் படபடவென்று ஆடியது. அட்டையையும் என்னையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் அடுத்த படுக்கைக்குப் போனார்.

மே 4

தென்காசி ஆசிரியரைக் கூப்பிட்டு, எந்த நூலில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். மார்ச்சில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“நூல்ல பாக்கல. பேத்தி போன்ல போட்டுக் காட்டினா. மண்ணுண்ணும் மேனியிதை மண்ணுண்ணாமல்... என்ன ஒரு பாட்டு. ஒரு பத்திரிகைக்காரர் தேடிக் கண்டுபிடிச்சாராம்.”

தாம்பரம் வைத்தியரையும் கூப்பிட்டேன்; நான்கு வரிகளையும் பாடியே காட்டினார். ‘கண்டாய் தானே’ என்ற இடத்தில் குரலை இழுத்தார். அதில்தான் சூட்சுமம் இருக்கிறதாம்.

மே 5

டாக்டரிடம் சொன்னேன். மணியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டு ஒரு பாட்டிலில் போட்டு மூடினார்.

“எத்தனை நாளா?”

“மார்ச் இருபத்தொன்றிலிருந்து.”

“முந்தாநாள் கேட்டப்ப ஏன் இல்லைன்னீங்க?”

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாதரசத்தை வெளியேற்றும் மருந்து தருவார்கள். அதற்குக் கிட்னி வேலை செய்ய வேண்டும், அதுதான் சிக்கல் என்றார். டயாலிசிஸ் இன்றே. இருக்கிற நுரையீரலுக்கு அதைத் தாங்குவது சிரமம். என் இரத்தத்தையும் எடுத்தார்கள்.

“அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்கிறேன்.”

மே 9

இரண்டாவது டயாலிசிஸ். பிரமு தூங்கினாள். நான் டப்பிங் ஸ்டூடியோவுக்குப் போய் பாட்டை எடுத்துவிடச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். நந்தகோபன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், செலவு என்ன ஆனாலும் நான் பாக்குறேன். ஆனா அந்தப் பாட்டை வச்சுத்தான் படமே வித்திருக்கு. அது இல்லன்னா படத்துக்கு உசுரே இல்ல.”

நான் வேலை பார்த்த பத்திரிகைக்குப் போய் ஒரு மறுப்பு எழுதிக் கொடுத்தேன். பாட்டு என் கற்பனை, மணி நஞ்சு, யாரும் குடிக்க வேண்டாம். ஆறாம் பக்கத்தில், கட்டம் கட்டிப் போடுகிறோம் என்றார்கள். பிரமு பற்றி அதில் எழுதவில்லை.

பிரமுவிடம் இன்னும் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறாள்.

மே 14

மறுப்பைப் படித்துவிட்டு உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் கலியமூர்த்தி. டோல்கேட் அருகே பஞ்சர் கடை. மகளுக்குப் பன்னிரண்டு வயது, இரத்தத்தில் ஏதோ வியாதி. மணி வாங்கிவிட்டாராம். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதுதான் சந்தேகம்.

“அது விஷம். பாட்டு நான் எழுதியது” என்றேன்.

“படிச்சேன் சார். அதனாலதான் கூப்புட்டேன். தெரிஞ்சவங்க இல்லன்னுதானே சொல்வாங்க? மூடர்க்குக் காட்டாதேன்னு பாட்டுலயே வருது. நான் மூடன் இல்ல சார். புள்ளையப் பெத்தவன்.”

நான் எவ்வளவு சொன்னாலும் அவருக்கு அது உறுதிதான் ஆகிறது. கடைசியில், மருத்துவமனைக்கு வந்து என் மனைவியைக் கண்ணால் பாருங்கள் என்றேன். அதுவரை மகளுக்குக் கொடுக்க வேண்டாம். சரி என்றார்.

மே 16

கலியமூர்த்தி வந்தார். நாற்பது வயது இருக்கும். நகக்கண்ணில் டயர்க் கறுப்பு. கையில் சாத்துக்குடிப் பை. வராந்தாவில் நிற்க வைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். பார்த்தால் போதும், புரிந்துவிடும் என்று உள்ளே அழைத்துப் போனேன்.

பிரமு விழித்திருந்தாள். வேற்று ஆளைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “வாங்க, இருங்க.”

“எப்படி இருக்கீங்கம்மா?”

“நல்லா இருக்கேன்.”

யார் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் அது. பால்காரருக்கும் அதுதான், பேங்க் மேனேஜருக்கும் அதுதான். அவளுடைய அம்மா இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அதைத்தான் சொன்னாள்.

“என்ன வயசும்மா ஆவுது?”

“அறுவத்தொண்ணு.”

கலியமூர்த்தி அவள் முகத்தையே பார்த்தார். “ஒரு சுருக்கம் இல்லியேம்மா.”

பிரமுவுக்கு வெட்கம். “எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ” என்றாள்.

அவர் கட்டிலின் கால்மாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். “புரிஞ்சிடுச்சு சார். ஊருக்கு ஒண்ணு சொல்றீங்க. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.” நான் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல லிஃப்ட் மூடிக்கொண்டது.

திரும்பி வந்தேன். “யாரு அது? ஒங்க ஆபீசா?” என்று கேட்டாள்.

சொன்னேன். பாட்டு, மணி, பால், டாக்டரிடம் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும்.  சுவரில் தொங்கிய சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன்.

“அந்தப் பிள்ளைக்கு எத்தன வயசு?”

“பன்னிரண்டு.”

“போயி அவரக் கூட்டிட்டு வாங்க. நான் சொல்லுதேன்.”

ஆட்டோ பிடித்துக் கோயம்பேடு போனேன். விழுப்புரம் பக்கம் போகும் பஸ் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். ஆள் இல்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மே 17

கலியமூர்த்தி எடுக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினேன்: ‘என் மனைவி அந்தப் பாலால்தான் சாகப் போகிறாள். கொடுக்காதீர்கள்.’ கும்பிடும் கைகளின் படம் ஒன்று பதிலாக வந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

பிரமு என்னிடம் வேறு எதுவும் பேசுவதில்லை. “எடுத்தாரா?” என்று மட்டும் கேட்கிறாள். மத்தியானம், “ஒங்க போன எடுங்க. நான் பேசுதத அதுல பிடிங்க. நாளைக்குக் காலையில கொண்டுபோயி நேர்ல காட்டுங்க” என்றாள்.

என் கையில் போன் நிற்கவில்லை. நர்ஸ் வாங்கிப் பிடித்தார்.

பிரமு கேமராவைப் பார்த்தாள். முப்பது வருடமாகச் சினிமாக்காரர்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள், அவள் ஒரு நாளும் படப்பிடிப்புப் பார்க்க வந்ததில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, நேத்து ஒங்ககிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னேன். நான் நல்லா இல்ல. மொகம் ஊதிக் கெடக்கு. ஒண்ணுக்குப் போகாது. படுத்தா மூச்சு நிக்குது. அந்தப் பாலக் குடிச்சுத்தான் இப்படி ஆச்சு, எனக்குத் தெரியாமக் குடுத்தாவ. ஒங்க பிள்ளைக்கு நீங்க தெரிஞ்சே குடுக்கப் போறிய. வேண்டாம்.” மூச்சு வாங்கியது. “நான் நல்லா இல்ல, தம்பி.”

நர்ஸ் போனை என்னிடம் தராமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

மே 20

நேற்று பிரமுவை எரித்துவிட்டு வந்தோம். 18-ஆம் தேதி நடந்ததை இப்போதுதான் எழுதுகிறேன்.

காலையில் நான் கிளம்பும்போது பிரமுவுக்கு மூச்சு சிரமமாக இருந்தது. நாளைக்குப் போகிறேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, வெளியே என்று கையைக் காட்டினாள். கிளம்பினேன்.

டோல்கேட்டில் இறங்கிக் கேட்டதும் பஞ்சர் கடையைக் காட்டினார்கள். பின்னால்தான் வீடு. என்னைக் கண்டதும் கலியமூர்த்தி சந்தோஷப்பட்டார். எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வர ஆள் அனுப்பினார். மகள் வாசலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் ஒரு ஸ்கார்ஃப்.

“குடுக்க ஆரம்பிச்சாச்சா?”

“நேத்து ஊறப் போட்டோம். இன்னிக்கு வியாழக்கிழமை, நல்ல நாளாம். பூஜை பண்ணிட்டுக் குடுக்கலாம்னு.”

போனைக் கொடுத்தேன். இரண்டு முறை பார்த்தார். இரண்டாவது முறை பார்க்கும்போது முகம் மாறியது. ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“கோவிச்சுக்காதீங்க சார். நீங்க சினிமாவுக்கு எழுதுறவரு. இது அம்மாவுக்கு நீங்க எழுதிக் குடுத்தது இல்லியே?”

 நான் எதைச் சொன்னாலும் அது நான் சொன்னதாகத்தான் இருக்கும். “என்னை நம்ப வேண்டாம். வார்டுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள்” என்று எண்ணைச் சொன்னேன்.

அவர் தன் போனில் அழுத்தினார். “பிரமு அம்மான்னு ஒருத்தங்க, கிட்னிக்கு... எப்படி இருக்காங்கன்னு கேக்கணும்.” அந்தப் பக்கம் யாரோ எதையோ கேட்டார்கள். “இல்ல, சொந்தம் இல்ல” என்றார்.  கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். பார்வையை எடுக்கவேயில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு, போனை என்னிடம் நீட்டினார்.

நான் காதில் வைத்துக் கேட்டேன். காலை எட்டரைக்கே முடிந்துவிட்டதாம். என் எண்ணுக்குப் பலமுறை முயன்றார்களாம். பிரமு பேசியதைக் காட்டச் சார்ஜ் வேண்டுமென்று பஸ்ஸில் போனை அணைத்து வைத்திருந்தேன்.

கலியமூர்த்தி உள்ளே போனார். ஒரு சொம்பை இரண்டு கையாலும் பிடித்து எடுத்து வந்தார். மகள், “அப்பா, எனக்கா?” என்று கேட்டாள். கடைக்குப் பின்னால் டயர் முக்கிப் பார்க்கும் அழுக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் கவிழ்த்தார்.